அக்காவுக்குப் போனது, எனக்கு மிஞ்சியது

"முதல்ல என் கையப் பாருங்க டாக்டர். இவ கழுத்த அப்புறம் பாக்கலாம்."

இப்படிச் சொல்லிவிட்டு, நோயாளி உட்கார வேண்டிய முக்காலியில் அக்கா உட்கார்ந்துகொண்டாள். நோயாளி நான். என் பெயரைச் சொல்லித்தான் உள்ளே அழைத்திருந்தார்கள். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன்.

தில்லை நகரில் அப்போது வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. இடையில் கல் நட்ட மனைகள், கருவேலம் புதர்கள். டாக்டர் தன் வீட்டு முன்னறையையே கிளினிக்காக வைத்திருந்தார். புதுச் சுண்ணாம்பு வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து வந்தன.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை; எங்களை அனுப்பிய டாக்டரின் கடிதத்தை ஏற்கெனவே படித்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அக்காவின் மேல்கையில் சுற்றிக் காற்றை ஏற்றினார். இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அக்காவின் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கியது. மற்ற விரல்கள் விறைத்து நீண்டு, நுனிகள் ஒன்றாகக் குவிந்தன. மணிக்கட்டு கீழே வளைந்தது. கோலம் போட மாவு எடுத்த கை போல இருந்தது. மாவுதான் இல்லை.

வலித்திருக்கும். அக்கா கையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தாள்.

"இது இவளுக்கு வரக் கூடாது. வராம செய்ய முடியுமா உங்களால? அத மட்டும் சொல்லுங்க."

இந்தப் பத்திரிகைத் தொடரில் இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். தொடரின் தொடக்கத்தில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசகி, என் கழுத்தில் தெரியும் கோடு என்ன என்று கேட்டிருக்கிறார். கழுத்துக்கோடு என் கதையில் பாதிதான். மற்ற பாதி அக்காவுடையது. அதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தாலே கை சோர்ந்துவிடுகிறது.

மூடிய கழுத்து ரவிக்கை

என் அக்கா விசாலாட்சி. எல்லாருக்கும் விசாலம். என்னைவிட எட்டோ ஒன்பதோ வயது பெரியவள். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் வீடு. அத்தான் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். எங்கள் அம்மா போன பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன், படித்தேன், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலைக்கும் சேர்ந்தேன்.

அக்காவின் தையலுக்கு ஸ்ரீரங்கத்தில் நல்ல பெயர். மற்றவர்களுக்குக் கழுத்தை இறக்கித் தைப்பவள், தனக்கு மட்டும் மேலே ஏற்றி, கிட்டத்தட்டத் தாடை வரை மூடித் தைத்துக்கொள்வாள். ஏனென்றால் கழுத்தில் காய் இருந்தது.

தைராய்டு கட்டி என்று இப்போது குழந்தைக்கும் தெரியும். அப்போது நாங்கள் காய் என்றுதான் சொல்வோம். முதலில் எலுமிச்சங்காய். பிறகு மாங்காய். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. சாதம் இறங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அத்தான் அவளைத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எடுத்த கட்டியை எனாமல் தட்டில் வைத்து அத்தானிடம் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இத வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் தைச்சா?" என்றார்.

அன்று எல்லாருக்கும் நிம்மதி. அக்காவால் தலையணை இல்லாமல் படுக்க முடிந்தது. மூச்சு சீராக வந்தது.

ஒரு நாள் விட்டு, காலையில் அவள் உதட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா?"

"எறும்பு ஊறுது சரசு. வாயச் சுத்தி. விரல் நுனியிலயும்."

படுக்கையில் எறும்பு இருக்கிறதா என்று விரிப்பைத் தட்டிப் பார்த்தேன். இல்லை. நர்ஸம்மா வந்து, "மயக்க மருந்து வேகம் இன்னும் போகலம்மா. போயிடும்" என்றார்.

போகவில்லை. மதியம் அவளுடைய இரண்டு கைகளும் இழுத்துக்கொண்டன. பாதங்கள் வளைந்தன. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கீச்சென்று, கதவுக் கீல் சத்தம் போல. கண்கள் விழித்தபடியே இருந்தன. நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை. என்ன நடக்கிறது என்று முழுதும் தெரிந்துகொண்டே அவள் மூச்சுக்குத் திணறினாள்.

நான் தாழ்வாரத்தில் கத்திக்கொண்டு ஓடினேன்.

ஆபரேஷன் செய்த டாக்டரே ஓடி வந்தார். ஊசியை நரம்பில் ஏற்றி மிக மெதுவாக மருந்தைச் செலுத்தினார். "மெதுவா, மெதுவா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மருந்து பாதி இறங்குவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "உடம்புக்குள்ள வெந்நி ஓடிச்சு" என்று அக்கா பின்னால் சொன்னாள்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். அத்தானையும் என்னையும் உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார். தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் துவரம் பருப்பைவிடச் சிறியது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பது அவைதான். அது குறைந்தால் நரம்பும் தசையும் இப்படி முறுக்கிக்கொள்ளும்.

"கட்டி எல்லாத்தையும் அமுக்கிப் பரவியிருந்துது. எது எதுன்னு பிரிக்க முடியல. கட்டியோட போயிருக்கு" என்றார்.

அத்தான் பட்டறைக்காரர். கழன்ற உதிரி எதையும் மறுபடி பூட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"திருப்பி வெக்க முடியாதுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டப்பாவும் கையுமாக

அதற்குப் பிறகு அக்காவின் வாழ்க்கை ஒரு டப்பாவுக்குள் அடங்கியது. சுண்ணாம்புச் சத்துப் பொடி இருந்த டப்பா. கால்சியம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் உப்பு, புளி போல ஆகிவிட்டது. காலையில், மதியம், மாலையில், படுக்கும் முன் என்று தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சுவரை நக்கியது போல இருக்கும் என்பாள். தைராய்டுக்கு ஒரு மாத்திரை. வைட்டமின் மாத்திரை வேறு, பெரிய அளவில். அது திருச்சியில் பல நாள் கிடைக்காது. மதராஸ் போகிறவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அது கூடினால் வாந்தி, தாகம். குறைந்தால் கை இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோட்டில் அவள் நடந்தாள்.

ஒரு ஜுரம் வந்தால் போதும். ஒரு வேளை சாப்பாடு தவறினால் போதும். பஸ்ஸுக்கு ஓடினால் போதும். மேல்கையைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்தால் போதும். கை கோலக் கையாகிவிடும்.

ஊரில் எல்லாரும் பால் குடிக்கச் சொன்னார்கள். தைக்கக் கொடுக்க வரும் மாமி ஒருவர், சொம்பு நிறையப் பாலோடு வந்து நிற்பார்.

"விசாலம், பெருமாள் கைவிடமாட்டார்டி. இதைத் தீர்த்தமா நெனச்சுண்டு குடிச்சுடு."

பாலில் இருக்கும் இன்னொரு சத்து இந்த வியாதிக்கு ஆகாது, அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மாமியிடம் எப்படிச் சொல்வது? அக்கா வாங்கி வைத்துக்கொள்வாள். அத்தான் அதில் காபி போட்டுக் குடிப்பார்.

சமயபுரத்தில் ஒரு மதியம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

அத்தானின் அம்மாவுக்கு அக்காவின் கை இழுப்பு ஊசி மருந்தில் அடங்கும் சமாச்சாரமாகத் தெரியவில்லை. சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போனார். வெறும் வயிற்றோடுதான் சாமி பார்க்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அக்கா மறுத்துப் பேசவில்லை. கோயிலில் நான் தூரத்தில் எல்லார் செருப்புக்கும் காவலாக நின்றேன்.

வெயில். கூட்டம். பம்பைச் சத்தம். வேப்பிலை வாடை. வரிசை நகரவில்லை. திடீரென்று முன்னால் ஒரு கூச்சல். "அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தால், நடுவில் என் அக்கா. கைகள் இரண்டும் முறுக்கிக்கொண்டு மார்புக்கு நேரே நின்றன. முகத்தில் தசை துடித்தது. வாய் இறுகிக் கிடந்தது. யாரோ அவள் நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். ஒரு பெண் அவள் காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஆத்தா, எம்மவன் வீட்ட விட்டுப் போயி மூணு மாசமாச்சு ஆத்தா. உசுரோட இருக்கானா? அத மட்டும் சொல்லிடு."

அக்கா அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதையும் அருள் என்றார்கள்.

எப்படியோ அவளை வெளியே இழுத்து வந்து, ஒரு கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பொடியைக் கரைத்து, இறுகிய பல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அது போதவில்லை. சமயபுரத்திலேயே ஒரு டாக்டரைப் பிடித்து ஊசி போட்ட பிறகுதான் கை விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "நான் என்னத்தச் சொல்லுவேன் சரசு? பையன் வந்துடுவான்மான்னாவது சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்க முடியல."

அத்தானின் அம்மா அன்றிலிருந்து சாமிக்குப் பட்டினி என்ற பேச்சை எடுக்கவில்லை. எங்கே போனாலும் அக்காவின் டப்பாவைத் தன் பையில் அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் முறை

அறுபதுகளில், எனக்கு முப்பதை நெருங்கும்போது, என் கழுத்திலும் காய் வந்தது.

கண்ணாடியில் பார்த்தே பல நாள் சும்மா இருந்தேன். புடவைத் தலைப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். வகுப்பில் பாடம் வாசிக்கும்போது ஒரு பத்தி முடிவதற்குள் மூச்சு வாங்கியது. படுத்தால் விசில் போல ஒரு சத்தம். பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், உங்களுக்குச் சளியா?" என்று கேட்டாள்.

வீட்டில் அக்காவுக்குத் தெரிந்தது ஒரு ரவிக்கை அளவெடுக்கும்போது. டேப்பைக் கழுத்தில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"முழுங்க முடியுதா?"

நான் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். அவளைப் பார்த்துக்கொண்டே எப்படி வர முடியும் என்று கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

"மூச்சடைச்சு நீ போறதுக்கா நான் உன்னப் படிக்க வெச்சேன்? எனக்கு வந்துச்சுன்னா உனக்கும் வரணும்னு என்ன இருக்கு? கேட்டுப் பாப்போம். அந்த நாலையும் காப்பாத்தித் தரேன்னு சொல்ற டாக்டர் யாராவது இருப்பாங்கல்ல?"

இப்படித்தான் நாங்கள் தில்லை நகர் வந்து சேர்ந்தோம். அக்காவுக்கு வழக்கமாக மருந்து எழுதித் தருபவர்தான் இவரைச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், மதராஸில் படித்து வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்கு வந்தவர், கழுத்து ஆபரேஷனில் கைதேர்ந்தவர் என்று.

"நான் தேடுவேன், அவ்வளவுதான்"

டாக்டர் பட்டையைத் தளர்த்தினார். அக்காவின் விரல்கள் மெல்ல விரிந்தன. அவற்றை அவர் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டார். பிறகு திடீரென்று ஒரு டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"தையல் வேலைன்னு கடிதாசியில பாத்தேன். ஊசியில நூல் கோக்க முடியுதா?"

அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவதான் கோத்துக் குடுக்கறா" என்றாள். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகும் முன் பத்துப் பதினைந்து ஊசியில் நூல் கோத்து சின்ன ஊசி மெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போவேன். சோம்பேறித்தனம் என்று அவளைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

"கண்ணுல பொரை விழுந்திருக்கும்மா. ரெண்டுலயும். சுண்ணாம்புச் சத்து இப்படி வருஷக்கணக்கா ஏறி எறங்கினா இந்த வயசுலயே வரும். ஆபரேஷன் பண்ணிக்கலாம். பயப்படாதீங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஒன்றைக் கேட்டு வந்த இடத்தில் இன்னொன்று கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் அதில் நிற்கவில்லை.

"சரிங்க. அத அப்புறம் பாத்துக்கலாம். இவளுக்குச் சொல்லுங்க."

டாக்டர் என்னை உட்காரவைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தே பேசினார். என்னைவிட அவளுக்குத்தான் விஷயம் தெரியும் என்பது போல.

"உங்க முதல் டாக்டர் மேல மனத்தாங்கல் வேண்டாம். அந்தக் கட்டியத் தொட்டு, ரத்தத்த நிறுத்தி, உங்கள உயிரோட அனுப்பினதே பெரிய காரியம். இவங்க கட்டி அவ்வளவு பெரிசில்ல. பின்பக்கம் தைராய்டுல கொஞ்சம் விட்டுட்டு எடுப்பேன். அந்த நாலும் அங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கும். ஆனா அத மட்டும் விட்டா போதாது. அதுக்கு ரத்தம் வர குழாய் மயிரு மாதிரி இருக்கும். அதக் கட்டிட்டோம்னா, சுரப்பி இருந்தும் செத்துப் போகும்."

"அப்போ காப்பாத்திடுவீங்களா?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. நாலும் எல்லாருக்கும் ஒரே எடத்துல இருக்காது. நான் தேடுவேன், அவ்வளவுதான். அவசரப்பட மாட்டேன்."

வெளியே வந்து வெயிலில் நடந்தோம்.  சாலைக்கு வந்த பிறகு அக்கா, "சத்தியம் பண்ணியிருந்தா எழுந்து வந்திருப்பேன்" என்றாள். "இவரு கிட்டயே பண்ணிக்க."

மறுபடி எறும்பு

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஞாபகம் அதிகமில்லை. ஈதர் வாடையும், தலையைப் பின்னுக்குச் சாய்த்தபோது கழுத்து நரம்பு இழுத்ததும் மட்டும்தான். காலையில் போனவளை மதியத்துக்கு மேல்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். இவ்வளவு நேரம் ஏன் என்று அத்தான் தாழ்வாரத்தில் தவித்திருக்கிறார். அக்கா மட்டும், "நேரம் ஆகட்டும். தேடறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பிறகு காத்திருப்பு. முதல் நாள் ஒன்றும் இல்லை. அக்கா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கண் மங்கல் என்பதால் அடிக்கடி தொட்டும் பார்த்தாள்.

அடுத்த நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். மேலுதட்டில் லேசாக ஏதோ ஊறியது. டம்ளரை வைத்துவிட்டேன்.

"ஊறுதா?"

"இல்லக்கா."

"உதட்டக் கடிக்கறே சரசு. எங்கிட்டயா பொய்?"

என் கண் நிறைந்துவிட்டது. அவள் சட்டென்று என் கன்னத்தைப் பிடித்தாள்.

"அழாதே. சொல்றதக் கேளு. அழுதா மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானா கை இழுக்கும். மெதுவா மூச்சு விடு. நான் அழறத நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. அழ முடியாது நம்மால."

நம்மால் என்றாள். அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. இத்தனை வருஷமாக அவள் கல்லு மாதிரி இருக்கிறாள், எதற்கும் கலங்குவதில்லை என்று நாங்கள் எல்லாரும் சொல்லிவந்தோம். எங்கள் சித்தப்பா இறந்தபோதுகூட அவள் ஓர் ஓரமாக நின்று மூச்சை எண்ணி விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து உறவுக்காரர்கள் பேசினார்கள்.

ஊசி போட்டார்கள். வெந்நீர் ஓடுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரிந்தது. அக்கா எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் அசையவில்லை.

மாலையில் டாக்டர் வந்தார். அக்கா எழுந்து நின்றாள். இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"நடந்தது இதுதான். ரெண்ட நல்லா பாத்தேன். எடத்துலயே விட்டிருக்கேன். ஆனா கை பட்டு அசங்கியிருக்கும், கொஞ்ச நாள் மயங்கித்தான் கெடக்கும். ஒண்ணக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. இன்னொண்ணு கட்டியோட வெளிய வந்துடுச்சு."

அக்காவின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"வந்ததத் தட்டுல தேடி எடுத்தேன். எடுத்துப் பொடிப்பொடியா நறுக்கி, கழுத்துச் சதையில சின்னதா எடம் பண்ணி வெச்சுத் தெச்சிருக்கேன்."

"திருப்பி வெச்சீங்களா?"

கதவருகே நின்ற அத்தான்தான் கேட்டார். பல வருஷத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி என்பது அவருக்கே தெரிந்ததோ என்னவோ, குரல் இறங்கிவிட்டது.

"நாத்தப் பறிச்சு வேற வயல்ல நடறோமில்லீங்களா, அந்த மாதிரி. வேர் பிடிச்சா பிழைக்கும். பிடிக்குமான்னு இப்போ தெரியாது. வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் கால்சியம்."

ஒரே டப்பா

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து குடித்தோம். அவள் இரண்டு டம்ளரில் கலக்குவாள். எனக்கொன்று, அவளுக்கொன்று. முகத்தைச் சுளிக்காமல் குடிக்கும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தாள். குடித்த உடனே புளிச் சாதத்தில் ஒரு வாய். வெயிலில் நடக்காதே. படி ஏறும்போது பேசாதே. கோபம் வந்தால் உட்கார்ந்துகொள்.

அந்த நாட்களின் களைப்பை எப்படிச் சொல்வது? வலி பெரிதாக இல்லை. உதட்டில் எறும்பு ஊறுகிறதா, இல்லையா என்று நாள் முழுக்கக் கவனிப்பதே பெரிய வேலை. உடம்பு ஓய்ந்து படுத்தாலும் கவனம் படுக்காது. சில மாலைகளில் ஒரு விரல் துடிக்கும். உடனே இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். இதை ஒருத்தி தனியாக, எட்டு ஒன்பது வருஷமாக, பட்டன் துளை தைத்துக்கொண்டே செய்திருக்கிறாள்.

டாக்டர் மருந்தை வாரம் வாரம் கொஞ்சமாகக் குறைத்தார். முதலில் படுக்கும் முன் குடிப்பது நின்றது, அடுத்து மாலை வேளையது. பிறகு மதியம். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் அக்கா என் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு தடவை மறுபடி ஊறியது. மறுபடி கூட்டினார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. அத்தான் சத்தம் போட்ட பிறகுதான் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

ஆடி பிறந்து காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம், காலை வேளை டம்ளரும் நின்றது. அவள் தனக்கு மட்டும் ஒன்று கலக்கினாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறே?" என்றாள்.

"உனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?"

"அப்போ அத எடுத்து வெக்கணும்னு தெரியல. இப்போ தெரியுது. உனக்குத் தெரிஞ்ச நேரத்துல வந்துச்சு." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீயும் இழுத்துக்கிட்டுக் கெடந்தா எனக்கு என்ன லாபம் சொல்லு?"

பாலத்தில்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று இருவரும் தில்லை நகர் போனோம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நிதானமாக மடித்து வைத்தார்.

"வேர் பிடிச்சிருக்கு. நட்டதா, விட்டதா, எதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வேலை செய்யுது. இனிமே மருந்து வேண்டாம்."

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. அக்கா என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் தன் கண் ஆபரேஷனை எங்கே செய்துகொள்ளலாம் என்று விசாரித்தாள். அதுவும் அடுத்த வருஷம் நடந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பல வருஷம் தைத்தாள். டப்பா மட்டும் கடைசிவரை அவளை விடவில்லை.

சத்திரம் பக்கம் வந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். பிற்பகல் வேளை, கூட்டமில்லை. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். பாலத்தில் பஸ் ஏறும்போது காவிரிக் காற்று உள்ளே வந்தது. கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவளிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில் விரிந்து, பாரமாக. மாசியில் என் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் பகலில் கண்ணசந்து நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தார்.

"என்னம்மா, எறங்கலையா? உடம்பு சரியில்லீங்களா அவங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்காங்க. தூங்கறாங்க" என்றேன் தணிந்த குரலில். "திரும்ப எங்க போகுது பஸ்?"

"ஜங்ஷன்."

"ஜங்ஷனுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."

அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஓசைப்படாமல் முன்னால் போய் நின்றுகொண்டார். பஸ் திரும்பி மறுபடி பாலத்தில் ஏறியது. என் தோள் மரத்துப் போயிருந்தது. நான் அசையவில்லை.